அத்தானின் 2025, முதல் சுற்று

2025 ஏப்ரலில் பெரும்பாலான நாட்கள் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு கல்லூரிக்காகப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய 21 வயதுப் பையன். பெயர் ஆஷ்டன் ஜென்டி. அவன் யாரென்று அக்காவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. தன் வீட்டுக்காரருக்குச் சேரவேண்டிய எதையோ தங்கைக்காரி பிடித்து வைத்துக்கொண்டு தர மறுக்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அத்தான் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

நடந்தது வேறு. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்.

ஐபிஎல் நாட்களில் கைபேசியில் கற்பனை அணி அமைக்காதவர்கள் மும்பையில் அப்போது குறைவு. அது ஒரு ராத்திரிக் கூத்து. ஆட்டம் முடிந்தால் அணியும் கலைந்துவிடும். நாங்கள் பன்னிரண்டு பேர் விளையாடுவது அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல்லை வைத்து, அதிலும் டைனஸ்டி என்ற வகை. ஒருமுறை உங்கள் அணிக்கு வந்த வீரர் நீங்கள் விற்கும்வரை, அல்லது அவர் ஓய்வுபெறும்வரை, உங்களுடையவர். ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் கல்லூரியிலிருந்து வரும் பையன்களை என்எஃப்எல் அணிகள் தேர்ந்தெடுக்கும். அது முடிந்ததும் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்தப் புதுமுகங்களை, அதாவது ரூக்கிகளை, நாங்கள் எங்களுக்குள் தேர்ந்தெடுப்போம். போன ஆண்டு கடைசியில் வந்தவருக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்றவருக்குப் பன்னிரண்டாவது. இந்த வாய்ப்புக்குப் பெயர்தான் பிக். முதல் சுற்றின் முதல் பிக்கை 1.01 என்று எழுதுவோம், நான்காவதை 1.04 என்று. இதை விற்கலாம், வாங்கலாம். இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் பிக்கைக்கூட இன்றைக்கே விற்கலாம். குடும்பம் இரண்டுபடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நான் இதற்குள் விழுந்தது ஐரோலியில் இரவுப்பணி பார்த்த காலத்தில். மினியாபொலிஸ்காரர்களின் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை. அங்கே ஞாயிறு நண்பகல் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு 10:30; நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 11:30. மேலாளர் இல்லாத ஞாயிறுகளில் கேன்டீன் தொலைக்காட்சியில் ஓடும். முதலில் அலுப்பாக இருந்தது. பிறகு மினியாபொலிஸ் அணியான வைக்கிங்ஸ் தோற்றால் திங்கட்கிழமை அந்த ஊர்க்காரர்களின் மின்னஞ்சல்கள் எவ்வளவு வெடுக்கென்று வருகின்றன என்பதைக் கவனித்து, தற்காப்புக்காகப் பார்க்கத் தொடங்கினேன். 2020 பொதுமுடக்கத்தில், இரவுப்பணித் தோழர்களும் அவர்களின் நண்பர்களுமாகப் பதினொரு பேர் சேர்ந்துவிட்டோம். செம்பூர், மாட்டுங்கா, வாஷி, டோம்பிவலி என்று சிதறிக் கிடக்கும் தமிழர்கள். ஓர் ஆள் குறைந்தது. முலுண்டில் இருந்த அத்தானைக் கெஞ்சிச் சேர்த்தது நான்தான். அதை அக்காவிடம் யாரும் நினைவூட்டுவதில்லை.

கோப்பை என்று சொன்னேன். உண்மையில் அது தாராவி 90 அடிச் சாலையில் வாங்கிய பித்தளைக் குடம். வென்றவர் பெயரை அதில் பொறித்துத் தருவோம். இப்போது என் வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் புளி போட்டு வைத்திருக்கிறாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் பிக்கின் விலையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் கிடங்கு வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா தாராவியில் இருபது ஆண்டுக்கு மேல் ஏலச்சீட்டு நடத்தினாள். விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் ஊரெல்லாம் அனுப்பும் வீட்டுப் பெண்கள்தான் அதில் பெரும்பாலும். இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 500 ரூபாய். மாதம் 10,000 சேரும். முதல் மாதங்களில் அவசரக்காரர்கள் 7,000-க்குத் தள்ளி எடுப்பார்கள். மீதி 3,000 எல்லாருக்கும் கழிவாகப் பிரியும். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுப்பணமும் கிடைக்கும். ஆக, ஒரே 10,000 ரூபாய், ஆளைப் பொறுத்து 7,000-ஆகவும் இருக்கும், 9,500-ஆகவும் இருக்கும். சீட்டு நாளன்று அம்மா பணத்தை எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பாள்: "இந்த மாதம் யாருக்கு என்ன செலவு?" யார் வீட்டில் சடங்கு, யார் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், யாருடைய கூரை ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டால், ஏலம் எங்கே நிற்கும் என்பதை ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடுவாள்.

எனக்கு இது உறைப்பதற்கு ஓர் ஆண்டு நட்டம் தேவைப்பட்டது.

2020-இல் குலுக்கலில் எனக்கு 1.01 விழுந்தது. அந்த ஆண்டு என்எஃப்எல் முதல் சுற்றில் தேர்வான ஒரே ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். 32-ஆவதாக கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்திருந்தது. கோப்பை வென்ற அணி, பேட்ரிக் மஹோம்ஸ் பந்து வீசும் அணி, அதில் ஓடப்போகும் பையன்! ஊரே அவனைத்தான் முதலில் எடுத்தது, நானும் எடுத்தேன். ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஆறாவதாக அத்தானிடம் போனான். இதில் எனக்குத் தனி அவமானம் ஒன்று உண்டு. ஜெஃபர்சன் என் வைக்கிங்ஸ் பையன். ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற ரிசீவரை பஃபலோ அணிக்கு விற்றபோது கிடைத்த 22-ஆவது பிக்கில்தான் வைக்கிங்ஸ் அவனை எடுத்தது. அதற்கு ஓர் இடம் முன்னால், 21-இல், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை எடுத்தது. ரேகர் எழும்பவே இல்லை. 2022-இல் அவரையும் வைக்கிங்ஸுக்கே விற்றுவிட்டார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கதைதான். கதவைத் தட்டியவர்கள் ஆண்டு முழுக்க இதே வேலையாக இருக்கும் நிபுணர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். நமக்கு வெள்ளிக்கிழமை விடியல். எட்வர்ட்ஸ்-ஹெலேர் 138 யார்டு ஓடினான். (எங்கள் குழுவில் யார்டை கஜம் என்றே சொல்வோம். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு என்று அம்மாவுக்கு விளக்கியபோது, "புடவை நீளத்துக்கு இத்தனை அடிதடியா?" என்று கேட்டாள்.) காலை எட்டு மணிக்கு அத்தானிடமிருந்து செய்தி வந்தது: ஜெஃபர்சனையும், தன்னுடைய 2021 முதல் சுற்று பிக்கையும் தருகிறார், எட்வர்ட்ஸ்-ஹெலேரைத் தா.

நான் சிரித்துவிட்டு மறுத்தேன்.

ஜெஃபர்சன் அந்த ஆண்டு 88 பந்துகளைப் பிடித்து 1,400 கஜம் எடுத்தான். என் பையன் 803 கஜம் ஓடினான். பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 2022-இல் ஏழாம் சுற்றில் வந்த ஐசையா பசேக்கோவிடம் இடத்தைப் பறிகொடுத்தான். நான் தவறான பையனை எடுத்ததற்காக என்னை நொந்துகொள்ளவில்லை. அது யாருக்கும் நேரும். அன்று காலை அத்தானுக்கு என்ன செலவு என்று கேட்காமல் விட்டேன் பாருங்கள், அதுதான் உறுத்தியது. அவர் அணியில் நின்று ஓட ஒரு ரன்னிங் பேக்கும் இல்லை. 5,000 ரூபாய்ச் சீட்டை 10,000-க்கு எடுக்க ஆள் வாசலில் நின்றார். நான் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் பழைய சீட்டு நோட்டு ஒன்றில் மீதமிருந்த பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பக்கம். வீரர்களின் பெயரைவிட அதில் செலவுகள்தான் அதிகம்: 'டோம்பிவலி – இரண்டாம் இடம், டைட் எண்ட் (தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) இல்லை, பதற்றக்காரர்'. 'மாட்டுங்கா – ஏழாம் இடம், தன் பையன்களை விற்க மனம் வராது'. இந்த ஆட்டத்துக்கு விலைப்பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. கீப்டிரேட்கட் என்ற தளம், வருகிறவர்களிடம் மூன்று வீரர்களைக் காட்டி, யாரை வைத்துக்கொள்வாய், யாரை விற்பாய், யாரைக் கைவிடுவாய் என்று கேட்டுக் கேட்டே எல்லாருக்கும் எண்ணில் ஒரு விலை போட்டுவிடுகிறது. நானும் தினம் பார்க்கிறேன். ஆனால் அது கோயம்பேட்டு மொத்த விலை மாதிரி; மாட்டுங்கா மார்க்கெட்டில் கார்த்திகைக்கு முதல் நாள் மல்லிகை என்ன விலை போகும் என்று அது சொல்லாது.

பட்டியல்களில் எனக்குள்ள இன்னொரு சண்டை கூட்டல். மூன்று நடுத்தர வீரர்களின் எண்ணைக் கூட்டினால் ஒரு பெரிய வீரரின் எண் வந்துவிடும், 'சமமான பேரம்' என்று பச்சை விளக்கு எரியும். பத்து எவர்சில்வர் டம்ளர் சேர்ந்து ஒரு வெள்ளிக் குத்துவிளக்காகுமா? களத்தில் இறக்க உங்களுக்கு இடங்கள் எண்ணி இருக்கின்றன. மூன்று பேர் வந்தால், இருப்பவர்களில் இருவரைத் துரத்த வேண்டும். அந்த இழப்பை எந்தக் கருவியும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பெரியவரைக் கொடுக்கும் பக்கத்தில் நான் இருந்தால் பட்டியல் சொல்வதைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடக் கேட்பேன். அத்தான் இதைக் கந்துவட்டி என்பார்.

சரி, பிக்குக்கு வருவோம். பிக் என்பது மாம்பூ. காய்க்குமுன் பூவை வைத்தே தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன். பூவில் ஒரு பழுதும் தெரியாது. நடு ஆட்டத்தில் முழங்கால் பிசகாது, பந்தை நழுவவிடாது, வயதும் ஏறாது. பெயர் இல்லாதவரை ஒரு முதல் சுற்று பிக், அந்த ஆண்டு வரப்போகும் எல்லா நல்ல பையன்களும்தான். பெயர் விழுந்த மறுநொடி அது ஒரே ஒரு பையன். அவன் முதல் ஆண்டில் தடுமாறினால் நகைக்கடைப் படியிறங்கிய நகை மாதிரி: செய்கூலியும் சேதாரமும் அங்கேயே போய்விடும், எடைக்கு எடைதான் மிச்சம்.

2023-இல் எனக்கே நடந்தது. முந்தைய ஆண்டு செப்டம்பரில், என்னிடமிருந்த லெனர்ட் ஃபோர்னெட் முதல் ஆட்டத்திலேயே டல்லஸுக்கு எதிராக 127 கஜம் ஓட, டோம்பிவலிக்காரர் அவரைக் கேட்டு மூன்று வாரம் விடவில்லை. 27 வயது ரன்னிங் பேக். நான் தரத் தயாராகவே இருந்தேன், தயங்குவது போல இருந்தேன். 2023 முதல் சுற்று பிக் கிடைத்தது. ஃபோர்னெட்டை அடுத்த மார்ச்சில் அவருடைய அணியே விடுவித்துவிட்டது. அந்த பிக்கில் நான் எடுத்தது ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா என்ற ரிசீவரை. எடுக்கும்வரை அந்த பிக்குக்கு என்னிடம் வரிசையில் நின்றார்கள். டிசம்பரில் அவன் 600 கஜத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, வாங்கிய விலையில் பாதிகூடச் சொல்ல ஆளில்லை. விற்க இருந்தேன். ரிசீவருக்கு இரண்டாம் மூன்றாம் ஆண்டில்தான் முகம் தெளியும், முப்பதுவரை ஓடுவான். ரன்னிங் பேக்குக்கோ வந்த நாளிலிருந்தே மெழுகுவத்தி உருகுகிறது என்று நோட்டில் நானே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நிறுத்தினேன். அடுத்த ஆண்டு அவன் 100 பந்து பிடித்து 1,130 கஜம் எடுத்தான். அதே 2023-இல் ஐந்தாம் சுற்றில், 177-ஆவதாகப் போன பூக்கா நக்குவா 105 பந்து, 1,486 கஜம் என்று புதுமுகங்களுக்கான சாதனையையே உடைத்தான். எங்கள் குழுவில் அவனை மே மாதத்தில் யாருமே எடுக்கவில்லை. அதன் பிறகு எல்லாரும் நான்காம் சுற்று பிக்கைக்கூட நக்குவா என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். லாட்டரியில் பக்கத்துத் தெருக்காரனுக்கு விழுந்ததால் என் சீட்டின் விலை ஏறாது. என்எஃப்எல் அணிகள் முன்னதாக எடுத்த பையன்களே பெரும்பாலும் தேறுகிறார்கள். ரேகர்களையும் மீறி அதுதான் உண்மை.

2022-இல் விதி ஒன்றை மாற்றினோம். அதுவரை ஒரு குவார்ட்டர்பேக்கைத்தான், அதாவது பந்து வீசுபவரைத்தான், இறக்கலாம்; இனி இரண்டாவதாக ஒருவரையும் இறக்கலாம் என்று ஆக்கினோம். சூப்பர்ஃப்ளெக்ஸ் என்பார்கள். பன்னிரண்டு அணிக்கு இருபத்துநான்கு பேர் வேண்டும்; உலகத்தில் இருக்கும் என்எஃப்எல் அணிகளோ 32. ஒரே இரவில் குவார்ட்டர்பேக் விலை சாலை வரப்போகும் புன்செய் நிலம் மாதிரி ஏறிவிட்டது. வாஷி நண்பர் மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்து ட்ரே லான்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக்கை வாங்கினார். பாவம் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சான்ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியே 2021-இல் அந்தப் பையனுக்காக மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொட்டிக்கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டல்லஸிடம் தள்ளிவிட்டது. அவன் இடத்தில் நின்று ஆடியது, 2022-இல் 262-ஆவதாக, கடைசி ஆளாகத் தேர்வான பிராக் பர்டி.

வாஷி நண்பர் அதோடு எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகக் கட்டுவதாக அறிவித்தார். கலைப்பவருக்கு வயதானவர்கள் பாரம். 2024 ஆகஸ்டில், பால்டிமோருக்கு மாறியிருந்த 30 வயது ரன்னிங் பேக் டெரிக் ஹென்றியை என்னுடைய 2025 இரண்டாம் சுற்று பிக்குக்குத் தந்தார். 'முதியோர் இல்லம்' என்று குழுவில் எனக்குப் பெயர் வைத்தார்கள். முதல் ஆட்டத்தில் ஹென்றி 46 கஜம். பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டுக்கு வந்த அத்தான் மோதகத்தைக் கடித்துக்கொண்டே அவருக்கு இரங்கல் தெரிவித்தார். அந்த ஆண்டு முடிவில் ஹென்றி 1,921 கஜம் ஓடியிருந்தார். குடம் என் வீட்டுக்கு வந்தது. நான் வென்றதால் நான் கொடுத்த அந்த பிக்கும் இரண்டாம் சுற்றின் கடைசியாகப் போயிற்று. மெழுகுவத்தி உருகும் என்று எழுதியவளே கட்டை மெழுகுவத்தியை வாங்கினேன் என்றால், அன்றைக்கு எனக்கு இருட்டாக இருந்தது, வாஷிக்காரருக்குப் பகலாக இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது அத்தான்.

2023-இல் அவர் முதலிடத்தில் பறந்துகொண்டிருந்தார். ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அவரிடம். அக்டோபரில் ஜெஃபர்சனுக்குத் தொடையில் காயம். ஏழு ஆட்டம் இல்லை. அவரால் பொறுக்க முடியவில்லை. ஜெஃபர்சனைக் கொடுத்துவிட்டு, முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஸ்டெஃபான் டிக்ஸையும் இன்னொரு ரிசீவரையும் வாங்கினார். வைக்கிங்ஸ் செய்த பேரத்தை அப்படியே தலைகீழாகச் செய்தார்! நவம்பரில் இன்னும் ஒரு ரன்னிங் பேக் வேண்டும் என்று என்னிடம் வந்தார். என்னிடம் ஆஸ்டின் எக்லர் இருந்தார். 28 வயது, முந்தைய ஆண்டு 18 டச்டவுன் (எல்லைக்கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளி), அந்த ஆண்டு கணுக்கால் வலி. அத்தான் தன் 2024 முதல் சுற்றை ஏற்கெனவே விற்றுத் தின்றிருந்தார்.

"2025 இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து வரும் பிக், அதுவும் கோப்பை வெல்லும் அணியின் கடைசி பிக். உனக்கு அது போதும் இல்லையா?" என்றார்.

"உங்களுக்காக வாங்கிக்கொள்கிறேன் அத்தான்" என்றேன்.

கேட் மாஸ்ஸி, ரிச்சர்ட் தாலர் என்று இரண்டு ஆய்வாளர்கள் – தாலருக்கு 2017-இல் பொருளியல் நோபல் கிடைத்தது – என்எஃப்எல் அணிகள் தங்களுக்குள் செய்த பிக் பேரங்களை அலசியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு பிக்கைக் கொடுத்து இந்த ஆண்டு பிக்கை வாங்கும் அணிகள் கட்டும் மறைமுக வட்டி ஆண்டுக்கு 136 சதவீதம் என்று வந்தது. அம்மாவிடம் சொன்னேன். இட்லிக்காரப் பெண்கள் ஒருத்திகூட அந்த விலைக்குத் தள்ளி எடுத்ததில்லை என்றாள். நம் ஆட்களும் அதே வட்டிதான் கட்டுகிறோம்: அடுத்த ஆண்டின் முதல் சுற்றை இந்த ஆண்டின் இரண்டாம் சுற்றுக்குச் சமமாகப் பேசுவது எங்கள் குழுவில் வழக்கம். இரண்டு ஆண்டு தள்ளி என்றால் கேட்கவே வேண்டாம், யாரும் அதைப் பணமாகவே நினைப்பதில்லை. 'கடைசி பிக்தான்' என்பது இன்றைய அணியைப் பார்த்துச் சொல்வது. 28, 30 வயதுக்காரர்களை வைத்து ஓடும் அணி இரண்டு ஆண்டில் எங்கே இருக்கும் என்று பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை.

ஆனாலும் நியாயமாகச் சொல்கிறேன்: அத்தான் 2023-இல் குடத்தை வென்றார். அவர் பெயர் அதில் இருக்கிறது. ஒரு மகிழ்ச்சியை விலை கொடுத்து வாங்கினார், பொருள் கைக்கு வந்தது. அதில் அவரை ஏமாளி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2024-இல் மெக்காஃப்ரி நான்கே ஆட்டம் ஆடினார். டிக்ஸ் அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அத்தான் பன்னிரண்டாவதாக வந்தார். அவருடைய 2025 முதல் சுற்று, 1.01 ஆகி என் மடியில் விழுந்தது. அதில் எடுக்க வேண்டியவன், கல்லூரியில் ஒரே ஆண்டில் 2,601 கஜம் ஓடிய ஜென்டி. பேரி சாண்டர்ஸ் 1988-இல் வைத்த கல்லூரிச் சாதனையான 2,628-க்கு இருபத்தேழே கஜம் குறைவு.

பொங்கலிலிருந்து தொடங்கியது. முதலில் நகைச்சுவையாக, "என் பையனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்" என்றார். பிறகு, எக்லரைத் திருப்பித் தருகிறேன் என்றார். பங்குனி உத்திரத்துக்கு செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலில் வைத்து அக்காவே கேட்டாள்: "வீட்டு மனுஷனிடம் வாங்கியதை வாங்கின விலைக்குக் கொடுத்தால் என்னடி?" முருகன் சந்நிதியில் 136 சதவீதத்தை விளக்க என்னால் முடியவில்லை.

எனக்கும் ஜென்டி மேல் ஆசை வந்துவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கைக்கு வந்த பொருளைக் கை விடாது; வெளியில் நின்று பார்த்தால் நான் கொடுக்காத விலையை, என்னுடையது என்பதால் கேட்கிறேன். ஏப்ரலில் பாதி ராத்திரிகள் அவன் ஓடும் காட்சிகளைப் பார்த்தபடி போயின. மூன்று பேர் மேலே விழுந்தும் நிற்கிறான்!

ஏப்ரல் 23 அன்று அத்தானிடமிருந்து உருப்படியான பேரம் வந்தது: லாட் மெக்கான்கியும், 2026 இரண்டாம் சுற்று பிக்கும். மெக்கான்கி சார்ஜர்ஸ் அணியின் ரிசீவர், முதல் ஆண்டிலேயே 82 பந்து, 1,149 கஜம். நல்ல பையன், ரிசீவர், இளவயது. நான் பதில் சொல்லவில்லை.

25-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 5:30-க்கு டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் அணிகளின் தேர்வு, தொடங்கியது. அம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டென்னசி அணி கேம் வார்டை எடுத்தது. ஜாக்சன்வில், அடுத்த ஆண்டு முதல் சுற்றையும் சேர்த்துக் கொடுத்து இரண்டாம் இடத்துக்கு ஏறி டிராவிஸ் ஹண்டரை எடுத்தது. "பார், அவர்களும் தள்ளி எடுக்கிறார்கள்" என்றேன் அம்மாவிடம். ஆறாவதாக லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ். ஆஷ்டன் ஜென்டி.

கைபேசி அதிர்ந்தது. அத்தான். ஒரு சொல்லும் இல்லை, கும்பிடும் கைகள் மட்டும் மூன்று.

"அவருக்கு இந்த மாதம் என்ன செலவு?" என்று கேட்டாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நோட்டில் அத்தானின் பக்கத்தைப் புரட்டினேன். கடைசி இடம். சொந்த பிக் மைத்துனியின் கையில். முலுண்டிலிருந்து டோம்பிவலிவரை எல்லாரும் நான்கு மாதமாகச் சிரிக்கிறார்கள். "மானச் செலவு அம்மா" என்றேன்.

"அப்படியென்றால் சின்னத் தொகை இல்லை" என்று எழுந்து காப்பி போடப் போனாள்.

நான் அவருடைய பேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அனுப்பினேன்: 2026 இரண்டாம் சுற்று என்றிருந்ததை, 2026 முதல் சுற்று என்று. மெக்காஃப்ரிக்கு ஜூனில் 29 நிறையும். டிக்ஸ் முழங்காலோடு. இருப்பதில் நல்ல ரிசீவரையும் என்னிடம் தருகிறார். ரன்னிங் பேக் ஒருவனால் மட்டும் பன்னிரண்டாம் இடத்திலிருந்து எத்தனை படி ஏற முடியும்? காப்பி ஆறுவதற்குள் அத்தான் சம்மதித்துவிட்டார். குடும்பக் குழுவில் ஜென்டியின் படம், கீழே 'வீடு திரும்பிய பிள்ளை'.

ஜென்டி ஒருவேளை நட்சத்திர ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி மாதிரி வருவான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் என் வயிற்றில் மிதித்துக்கொண்டு ஓடுவான். அதற்கும் சேர்த்துத்தான் விலை கேட்டேன் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன், முழுக்கத் தேறவில்லை.

ஒன்பது மணிக்கு அக்கா அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குகிறாளாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். குரலில் பழைய சர்க்கரை. "எப்படியோ கொடுத்துவிட்டாயே, எனக்கு அதுவே போதும். பதிலுக்கு அவரிடம் எதுவும் வாங்கவில்லையே?" என்று கேட்டாள்.

நோட்டில் 'அத்தான், 2025, முதல் சுற்று' என்றிருந்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதிக்கொண்டிருந்தேன்.

"பெரிதாக ஒன்றும் இல்லை அக்கா. ஒரு பையனும், அடுத்த வருஷத்துச் சீட்டு ஒன்றும்" என்றேன்.